லாரிப் பக்கத்து வரிசை

கணக்கு சார் இந்த வருஷத்தோடு ஓய்வுபெறுகிறார், விழா எடுக்கிறோம், மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று நம் வகுப்புக் குழுவில் கேட்டிருந்தீர்கள். "நீதான் மாமு நல்லா எழுதுவ, சாரப் பத்தி நாலு நல்ல வார்த்த போடு" என்று ஒருவன் குரல் பதிவே அனுப்பியிருந்தான். நாலு நல்ல வார்த்தை என்னிடம் இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் கூடவே இன்னொன்றும் வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு பக்கத்தில் அடங்கவும் அடங்காது. மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். படித்துவிட்டாவது போங்கள்.

நம் பத்தாம் வகுப்பு அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்க ஜன்னலுக்கு வெளியே பூவரச மரம். மறுபக்க ஜன்னலுக்கு வெளியே எண்ணூர் நெடுஞ்சாலை. துறைமுகத்துக்குள் போக முறை வராத கன்டெய்னர் லாரிகள் காலையில் வந்து நின்றால் பள்ளிக்கூடம் விடும்போதும் அங்கேயேதான் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் வைத்துக் குழம்பு கொதிக்க வைப்பார்கள். டீசல் வாசனையும் பூண்டு வாசனையும் சேர்ந்து உள்ளே வரும். திடீரென்று வரிசை ஓரடி நகரும். அத்தனை லாரியும் ஒரே நேரத்தில் பிரேக்கைப் பிடித்து 'புஸ்' என்று மூச்சு விடும். சார் வாயை அசைப்பது தெரியும், சத்தம் வராது. அந்தப் பக்கத்து பெஞ்சில் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு புழுதி.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சார் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். பாஸானவர்கள் மரப் பக்கம். மற்றவர்கள் லாரிப் பக்கம். அலுவலகத் தாள்களில் அவர்களுக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர். நாம் வைத்த பெயர் 'லாரி லைன்'. நம்மில் பாதிப் பேர் அந்த லைனில் இருந்தவர்கள். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

அக்காவும் அங்கேதான் போனாள். அக்கா என்றால் என் பெரியப்பா மகள். நம் வகுப்புதான், என்னைவிடச் சில மாதம் மூத்தவள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா வாய் மேலேயே போடுவாள் என்று நான் அக்கா அக்கா என்பேன். நீங்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு "அக்கோவ்" என்று பின்பாட்டுப் பாடுவீர்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நைனாவும் பெரியப்பாவும் லாரியில் லோடு ஏற்றுகிறவர்கள். பெரியம்மா இறால் கம்பெனியில் ஓடு உரிக்கிறவள். நாள் பூராவும் ஐஸில் கிடந்து அவள் விரல்கள் சுண்ணாம்பு பூசினாற்போல் இருக்கும்.

அந்த வருஷ மழையில் எங்கள் தெருவில் சாக்கடையும் மழையும் ஒன்றாகி வீட்டுக்குள் வந்தது. என்னை அம்மா தண்டையார்பேட்டை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மாடி வீடு. மேஜை, டியூப்லைட், வேளைக்கு டீ. அக்காவை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. கைக்குழந்தைத் தங்கையைப் பார்த்துக்கொள்ள அவள் வேண்டும். பெரியப்பா கால் ஒடிந்து கட்டிலில் கிடந்தார். பெரியம்மா வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். நனைந்துபோன புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்துக் கொடியில் போட்டுவிட்டு, காய்ச்சலோடு வந்து அரையாண்டு எழுதினாள். நான் பாஸ். அவள் ஃபெயில். அந்த வருஷம் எனக்கும் அவளுக்கும் இருந்த ஒரே வித்தியாசம் ஒரு மாடி வீட்டு மாமா.

பெயர் படித்தபோது அவள் எழுந்து நின்றாள். "சார், காலாண்டுல நான் எழுபத்தஞ்சு சார்."

"காலாண்டு பழைய கதைம்மா. அரையாண்டைத்தான் ஆபீஸ்ல கேக்கறாங்க. உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்? பையை எடு, போ."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். சார் கரும்பலகைக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்தார். மரப் பக்கத்துப் பாதியில் முழுப் பாடம். லாரிப் பக்கத்துப் பாதியில் 'மினிமம்'. கிராஃப் பத்து மார்க், ஜியாமெட்ரி பத்து மார்க், புத்தகத்தில் பாடத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு மார்க் கேள்விகள் பதினைந்து. கூட்டிப் பாருங்கள், முப்பத்தைந்து. பாஸாக வேண்டிய மார்க் அதேதான். "கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கறது மட்டும் உங்களுக்கு. அந்தப் பக்கம் பாக்காதீங்க. குழம்பிடுவீங்க" என்றார் சார்.

இப்போது அந்த நாலு நல்ல வார்த்தை. சார் வீட்டுக்குப் போக ரயிலில் வெகுதூரம் போக வேண்டும். இருந்தும் லாரி லைனுக்காகத் தினமும் சாயங்காலம் நின்றார். அவர்களுக்குப் பசிக்குமே என்று தன் கைக்காசில் சுண்டல் வாங்கி வந்தார். லேத்துப் பட்டறைக்குப் போய்விட்ட ஒருவனை, பட்டறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நீ வந்தாத்தான் நான் எழுந்திருப்பேன்" என்று அடம்பிடித்து இழுத்து வந்தார். அவன் பாஸானான், இந்தக் குழுவில் இருக்கிறான், விழாவுக்கு மாலை வாங்கும் பொறுப்பு அவனுடையதுதான். எல்லாம் நிஜம். அதனால்தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கெட்ட மனுஷன் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

லாரி லைனுக்கு நாள் முழுக்க வட்டம். அந்தக் காம்பஸ் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. அக்காவின் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியில் ரோஜாப்பூ படம் போட்டது. பூவில் பாதி துரு. காம்பஸின் திருகு கழன்றுபோய் ரப்பர் பேண்டு சுற்றியிருப்பாள். பென்சில் நகத்தளவுக்கு வந்துவிட்டிருக்கும். அதே தொடுகோடு, அதே முக்கோணம், திரும்பத் திரும்ப. அவள் மற்றவர்களுக்கு முன்னாலேயே முடித்துவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பி மரப் பக்கத்துப் பலகையைப் பார்ப்பாள். "இந்தப் பக்கம் பாரும்மா" என்பார் சார், சிரித்துக்கொண்டே.

சாயங்கால வகுப்பும் முடிந்த பிறகு, கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறைகள் மேல் நாங்கள் உட்காருவோம். அவள் இடுப்பில் சின்னவள், அவளுடைய கைக்குழந்தைத் தங்கை, மூக்கொழுகிக்கொண்டு.

"இன்னாடா, சார் இன்னிக்கு அந்தக் கலங்கரை விளக்கம் கணக்கு போட்டாரே, புரிஞ்சிதா?"

"உனக்கு எப்டி தெரியும்? நீ லாரி லைனாச்சே."

"அய்ய, கண்ணு லாரியத்தான் பாக்குமா? காதுலதான் ஒரு எழவும் வுழல. போர்டு தெரியுதே. அந்த செங்கல்லக் குடு."

செங்கல் துண்டால் பாறை மேல் வரைந்தாள். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காத இரண்டு கப்பல்கள் கடலில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன.

"அதோ பாரு, ரெண்டு கப்பல். நீ விளக்கு மேல நிக்கிற. தூரத்துல கீறதப் பாக்கத் தலைய கொஞ்சமா தாழ்த்துவ. கிட்ட கீறதப் பாக்க நல்லா தாழ்த்துவ. ரெண்டு முக்கோணம் வந்துச்சா? உயரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அத்தப் புடிச்சிக்கோ, மத்ததெல்லாம் தானா வரும்."

சார் சொன்னபோது எனக்கு வராத கணக்கு அப்போதுதான் வந்தது. விளக்கம் ஒரு வார்த்தை காதில் விழாமல், பலகையில் எழுதியதை மட்டும் பார்த்து அவள் அதைப் பிடித்திருந்தாள்.

"உனக்கெதுக்கு இதெல்லாம்? மினிமத்துல இல்லியே" என்றேன்.

"பரீட்ச எல்லாருக்கும் ஒரே பேப்பர்தாண்டா மாங்கா. சார்தான் பங்கு போடறாரு. எனக்கு ஃபர்ஸ்ட் குரூப் வோணும். கணக்கும் கம்ப்யூட்டரும் கீதே, அது."

கால் ஒடியுமுன் பெரியப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நாட்களில், கன்டெய்னர் யார்டு வாசலில் ஒரு கண்ணாடி அறையை அவள் பார்த்திருந்தாள். உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பெண். அவள் தட்டி முடித்துக் கையைக் காட்டினால்தான் லாரி நகரும். "எம்மாம் பெரிய லாரி! அவ கை காட்டாங்காட்டி டிரைவரு பல்ல இளிச்சிகினு நிக்கிறான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். முதல் குரூப் அந்தக் கண்ணாடி அறைக்குப் போகும் வழி என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் சார் லாரி லைனை மட்டும் பள்ளி வாசல் அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். மரப் பக்கத்தில் இருந்த எங்களை ஓய்வெடுக்கச் சொன்னார். நான் அக்காவுக்காகக் காத்திருந்தேன். அதனால் பார்த்தேன்.

தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். "போன வருஷம் ஒருத்தன் பெரிய கணக்குல கை வெச்சான். அது முடியல, கிராஃபுக்கு நேரமில்ல, ஃபெயில். இத்தனைக்கும் கிராஃப் அவனுக்குக் கண்ணை மூடிக்கிட்டு வரும். உங்க யாருக்கும் அப்படி ஆகக் கூடாது. கிராஃப், ஜியாமெட்ரி, ஒரு மார்க். இதைத் தவிர வேற எதையும் தொட மாட்டேன்னு உங்கம்மா மேல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டுப் போங்க."

"சார், நான் மாதா கோயிலு சார்" என்றான் ஒருவன்.

"மாதாவ நெனச்சுக்கிட்டு அடிடா."

எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருவராகக் கற்பூரத்தில் அடித்தார்கள். அக்கா முறை வந்தபோது, "சார், மினிமம் முடிச்சிட்டு நேரம் இருந்தா?" என்று கேட்டாள்.

"பாத்தியா, இதான் ஆசை. இந்த ஆசைதான் கவுத்துடும். அடிம்மா."

கை உயர்ந்தபடியே நின்றது. பிறகு அடித்தாள்.

இதில் எங்கள் தெரு ஆட்களுக்குத் தெரிந்த ஒன்று சாருக்குத் தெரியாது. அதே கோயிலில், அதே தட்டில், பெரியப்பா குடிக்க மாட்டேன் என்று கற்பூரம் அடித்திருந்தார். தீபாவளிக்குக் குடித்தார். மறுநாள் தார்ப்பாய் கட்டும்போது லோடு மேலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. வழுக்கிவிட்டது என்றார் டாக்டர். தெருவில் ஒருவரும் அதை நம்பவில்லை. பெரியப்பாவே நம்பவில்லை. "கற்பூரம் சும்மா வுடுமா நைனா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரரான சாருக்கு அது பிள்ளைகளைப் பயம் காட்ட ஒரு வழி. எங்கள் வீட்டுக்கு அது கட்டிலில் கிடக்கும் கால்.

மறுநாள் பரீட்சைக் கூடத்தில் அவள் எனக்குப் பக்கத்து வரிசையில், கொஞ்சம் முன்னால். கேள்வித்தாளைத் திருப்பினேன். கலங்கரை விளக்கம். இரண்டு கப்பல்கள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பாறையும் செங்கல்லும் கண்ணுக்கு முன்னால் வர, கிடுகிடுவென்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால், பாதி நேரம்கூட ஆகவில்லை, அக்கா ஜியாமெட்ரி பாக்ஸை மூடிவிட்டாள். ரோஜாப்பூ மேல் இரண்டு கையையும் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் கேள்வித்தாளில்தான் இருந்தது. உதடு அசைந்தது. அவள் அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியும். பேனாவைத் தொடவில்லை. நான் இருமினேன், செருப்பைத் தேய்த்தேன். "நேரா பாருடா" என்று மேற்பார்வையாளர் அதட்டினார். கடைசி மணி அடிக்கும்வரை அவள் அப்படியேதான் இருந்தாள்.

வெளியே வந்து, "யாருக்குக்கா தெரியப் போவுது!" என்று கத்தினேன்.

"அம்மா ஐஸ்ல கைய வுட்டுகினு நிக்கிதுடா. நான் அது மேல சத்தியம் பண்ணிட்டு…" கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீ போட்டியா?"

"போட்டேன்."

"உயரம் ரெண்டுக்கும் ஒண்ணுன்னு போட்டியா?"

"போட்டேன்க்கா."

"அப்ப சரி" என்றாள்.

முடிவு வந்த அன்று நம் பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி. சார் லட்டோடு தெருவுக்கே வந்தார். பெரியப்பா ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினார். பெரியம்மா ஐஸ் கையால் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் தெருவுக்குப் பாஸ் என்றால் பாஸ்தான். அதற்கு மேல் ஒரு மார்க் இருக்கிறது என்பது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா கணக்கில் முப்பத்தைந்து. சரியாக முப்பத்தைந்து. எதையெல்லாம் தொட்டாளோ அதிலெல்லாம் முழு மார்க்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் போனோம். தலைமை ஆசிரியை மார்க் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முப்பத்தஞ்ச வெச்சிக்கிட்டு மேத்ஸ் குரூப்பா? அடுத்தது."

"சார் சத்தியம் வாங்கினாரு டீச்சர். அதான் மீதிய எழுதல."

"சத்தியத்தை இதுல எங்கம்மா போட்டிருக்கு?"

அக்கா திரும்பி, பக்கத்தில் நின்ற கணக்கு சாரைப் பார்த்தாள். அவர் அவள் தோளைத் தட்டினார். "உன்ன மாதிரி புள்ளைங்க ஃபெயிலாயிடக் கூடாதுன்னுதானேம்மா நான் அவ்வளவும் செஞ்சேன்?"

"என்ன மாதிரின்னா எப்டி சார்?"

அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்குள் அடுத்தவர் மார்க் தாள் மேஜைக்கு வந்துவிட்டது. எனக்கு முதல் குரூப் கிடைத்தது. அவளுக்குக் கணக்கு இல்லாத ஏதோ ஒரு குரூப். இன்றைக்கு நான் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் அதே யார்டு வாசலில், அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே, வெயிலில் நின்று கன்டெய்னர் பூட்டில் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

போன வாரம் சாரை விழாவுக்கு அழைக்க நீங்கள் என்னை அனுப்பினீர்கள் அல்லவா? அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தானாகவே வருகிறேன் என்றாள். சின்னவள் இப்போது அங்கே பத்தாவது. அவளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று.

வகுப்பு அப்படியே இருந்தது. பூவரசு இல்லை, அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி. லாரிகள் இருந்தன. கரும்பலகைக்கு நடுவே கோடு இருந்தது. லாரிப் பக்கத்து ஜன்னலோரம், புழுதி பெஞ்சில், காம்பஸும் கையுமாகச் சின்னவள் உட்கார்ந்திருந்தாள்.

சாருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வகுப்பைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "நான் சொல்வேனே ஒரு அக்கா, அது இவங்கதான்! வருஷா வருஷம் இவளைத்தான் உதாரணம் சொல்றேன். நான் சொன்னதை மட்டும் எழுதினா. வேற எதையும் தொடல. முப்பத்தஞ்சுக்கு முப்பத்தஞ்சு, ஒரு மார்க் தப்பில்ல! அப்படி இருக்கணும்!"

லாரி லைன் கை தட்டியது. சின்னவளும் தட்டினாள்.

அக்கா கேட்டாள்: "ஒண்ணுகூடத் தப்பில்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிது இல்ல சார்?"

"பின்ன? மறக்கவே மாட்டேன்."

"அப்ப மீதியும் தெரிஞ்சிருக்குமோன்னு ஒரு தபாகூட உங்களுக்குத் தோணலியா சார்?"

வெளியே வரிசை நகர்ந்தது. அத்தனை லாரியும் மூச்சு விட்டன. சார் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சத்தம் அடங்கியதும், "காபி சாப்பிடுறீங்களா?" என்றார்.

"கற்பூரம் இன்னும் ஏத்தறீங்களா சார்?" என்றாள் அக்கா.

"அதை விட முடியுமா? அதுலதானே இத்தனை வருஷம் ஒருத்தரும் ஃபெயிலாகாம நிக்கறோம்."

லாரிகளுக்கு நடுவே திரும்பி நடந்தோம். யாரோ ஒரு டிரைவர் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். மாலை, சால்வை, மலர் என்று விழா ஏற்பாட்டை நான் உளறிக்கொண்டே வந்தேன்.

"விழாவுக்கு நான் வர்ல" என்றாள். "நீங்க நடத்துங்க. அவரு நல்ல மனுசன்தான். ஆனா கணக்குப் பரீட்சைக்கு மொத நாளு நான் லீவு போட்டுட்டு கோயிலுக்கு வருவேன். அவரு கற்பூரம் ஏத்தட்டும். சின்னவ முறை வரச்சொல்லோ, அவ கை என் கையிலதான் இருக்கும். எப்டி அடிக்கிறான்னு பாக்கறேன்."

கொஞ்ச தூரம் போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த லைன்ல மத்த புள்ளைங்களும் கீதுடா. எனக்கு ரெண்டு கைதான்."